மின்தடைக்குப் பின் ஒரு கறுப்புத் திரை

நேயர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய், திரும்பி வந்தபின் இயக்கிப் பார்த்தால், வழக்கமான முகப்புக்குப் பதிலாகக் கறுப்புத் திரையும் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லும் மட்டுமே நிற்பதை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். வன்தட்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுபவர்கள் பலர். சில நிமிடங்களில் சரியாகக்கூடிய ஒரு கோளாறுக்காகக் குழந்தைகளின் படங்களும் பல வருட ஆவணங்களும் அழிந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தம் தருவதால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

நாம் சேமித்த கோப்பை லினக்ஸ் உடனே வட்டில் எழுதிவிடுவதில்லை. ஏறத்தாழ 30 விநாடிகள் வரை அது நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். இதற்காகவே 2001இல் லினக்ஸின் ‘கரு’ எனப்படும் அடிப்படை நிரலில் சேர்ந்த எக்ஸ்ட்3 கோப்பு முறைமையும் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை), 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 முறைமையும், வணிகர்கள் வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதைப்போல, ஒவ்வொரு மாற்றத்தையும் ‘ஜர்னல்’ என்னும் தனிப் பகுதியில் முதலில் எழுதிக்கொள்கின்றன. அடுத்த முறை கணினி எழும்போது சிட்டையைப் பார்த்துப் பேரேடு தானாகவே சரிசெய்யப்படும். ஆனால் இயல்பான அமைப்பில் சிட்டையில் ஏறுவது கணக்கு மட்டும்தான், கோப்பின் உள்ளடக்கம் அன்று. ஆகவே வட்டு ஒழுங்காக இருந்தாலும், நீங்கள் கடைசியாகத் தட்டச்சு செய்த பத்தி காணாமல் போயிருக்கலாம்.

சிட்டையால் தீராத குழப்பம் எஞ்சியிருக்கும்போதுதான் அந்தக் கறுப்புத் திரை வருகிறது. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லுக்கு மேலுள்ள வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். ‘டெவ் எஸ்டிஏ2’ என்பதுபோல, வட்டில் பழுதான பகுதியின் பெயர் அங்கேயே இருக்கும். ‘எஃப்எஸ்சிகே’ என்ற கட்டளையை, ஒரு சிறுகோடும் ‘ஒய்’ எழுத்தும் சேர்த்து, அந்தப் பகுதியின் பெயருடன் கொடுத்தால் சோதனையும் திருத்தமும் நடக்கும். முடிந்ததும் ‘எக்ஸிட்’ என்று கொடுக்கலாம். பயன்பாட்டில் இருக்கும் பகுதியின்மீது இக்கட்டளையை ஒருபோதும் ஏவக் கூடாது. வட்டிலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை கேட்டாலோ, படிக்க முடியவில்லை என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தாலோ திருத்தத்தில் இறங்காமல், ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவியால் வேறொரு வட்டுக்கு முழு நகல் எடுப்பதே முதல் வேலை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு இயங்கும் என் வீட்டுக் கணினியில், புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோதே மின்சாரம் போயிற்று. திருத்தத்துக்குப் பின் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற அடைவைத் திறந்தேன். பெயரிழந்து, வெறும் எண்களைத் தாங்கி நான்கு கோப்புகள் கிடந்தன. அவற்றில் ஒன்று, முந்தைய நாள் நான் எழுதிய கடிதம். ஒரு வரியும் குறையவில்லை. பாதியில் நின்றிருந்த மென்பொருள் நிறுவல், ‘டிபிகேஜி’ கட்டளையுடன் ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ என்னும் இரு விருப்பங்களையும் சேர்த்து நிர்வாகி உரிமையோடு இயக்கியபின் நிறைவுபெற்றது.

மின்தடை இல்லாமலேயே திரை உறைந்துபோகும் நேரங்களும் உண்டு. அப்போது மின்பொத்தானை அழுத்திப் பிடிப்பதற்கு முன், ஆல்ட் விசையையும் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து) என்னும் எழுத்துகளைச் சில விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். முதலாவது, நினைவகத்தில் காத்திருப்பதை வட்டில் எழுதும். இரண்டாவது, வட்டை வாசிப்புக்கு மட்டும் என மாற்றும். மூன்றாவது, கணினியை மறுதொடக்கம் செய்யும். உபுண்டுவில் இம்மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டுள்ளன.

வணக்கம்.