'வேண்டாம்' ஜெயித்தால் என்ன ஆகும்?

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போதே ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்நியப் படை உட்கார்ந்திருக்கும் நாட்டில் அரசியல் சட்டத்துக்கு ஓட்டெடுப்பு நடத்தினால் செல்லுமா, செல்லாதா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். ஒரே வார்த்தையில் முடியாததால்தான் என்னைக் கூப்பிட்டு மைக் கொடுத்திருக்கிறார்கள்.

2003இல் அமெரிக்கப் படை நுழைந்து பிடித்த இராக்கையே எடுத்துக்கொள்வோம். 2005 அக்டோபர் 15 அன்று புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு. சுமார் 63 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள், அதில் 78 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்'. குண்டு வெடிக்கும் தெருவில் வரிசையில் நின்று, விரலை மையில் முக்கிவிட்டு வந்த அந்த மனிதர்களைப் பொம்மைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம். எந்த வாக்கெடுப்பைப் பார்த்தாலும் எத்தனை சதவீதம் 'ஆம்' என்று முதலில் பார்ப்பதில்லை, 'வேண்டாம்' ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் பார்ப்பேன்.

"ஆக்கிரமிப்பு 2004 ஜூன் 28ஆம் தேதியே முடிந்துவிட்டதே, இராக்கை ஆண்ட அமெரிக்க நிர்வாகி பிரெமர் ஆட்சியை இராக்கியரிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாரே, அதை ஏற்ற ஐநா பாதுகாப்பு சபையின் 1546ஆம் தீர்மானமே இருக்கிறதே" என்பார்கள். சரி, காகிதத்தில் முடிந்தது. அமெரிக்கப் படையினர் மட்டும் ஒன்றரை லட்சம் பேர் அங்கேயே இருந்தார்கள். அதைவிட முக்கியம், ஆகஸ்ட் 15க்குள் வரைவு, அக்டோபர் 15க்குள் வாக்கெடுப்பு என்ற அந்தக் காலக்கெடு எங்கிருந்து வந்தது? பிரெமர் ஆண்டுகொண்டிருந்த 2004 மார்ச்சில் கையெழுத்தான இடைக்கால நிர்வாகச் சட்டத்திலிருந்து. ஆள் போய்விட்டார், அவர் காலத்தில் போட்ட அட்டவணைப்படிதான் நாடு ஓடியது.

வரைவு எழுத வேண்டிய சபைக்கு நடந்த 2005 ஜனவரி தேர்தலை, அங்கே சிறுபான்மையாக இருக்கும் அரபு சுன்னி முஸ்லிம்களில் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். அதனால் 55 பேர் கொண்ட வரைவுக் குழுவில் முதலில் இரண்டே இரண்டு சுன்னிகள், பிறகுதான் 15 பேரைச் சேர்த்தார்கள். அதற்குள் முக்கியமான பேரங்கள் குழுவுக்கு வெளியே, பெரும்பான்மை ஷியா முஸ்லிம்கள், வடக்கில் வாழும் குர்து இனத்தவர் ஆகியோரின் தலைவர்கள் வீடுகளுக்குப் போய்விட்டன. அமெரிக்கத் தூதர் கலில்சாத்தும் அங்கே உட்கார்ந்திருந்தார். வாக்கெடுப்புக்கு மூன்று நாள் இருக்கும்போதுகூட சட்ட வாசகத்தில் திருத்தம் நடந்தது. மக்கள் கைக்கு வந்த பிரதிகளில் அந்தத் திருத்தம் இல்லை.

'வேண்டாம்' என்பவர்களுக்கு ஒரு கதவு இருந்தது. மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு வந்தால் சட்டம் விழும். அக்டோபர் தொடக்கத்தில் நாடாளுமன்றம் ஒரு வேலை செய்தது பாருங்கள். 'ஆம்' என்றால் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் போதும், 'வேண்டாம்' என்றால் மட்டும் பட்டியலில் பெயர் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று விளக்கம் சொன்னது. ஐநா ஆட்சேபித்த பிறகு சில நாளில் பின்வாங்கினார்கள். முடிவில் சுன்னிகள் அதிகம் உள்ள அன்பார் மாகாணத்தில் சுமார் 97 சதவீதம் எதிர்ப்பு, சலாஹுதீனில் 80க்கு மேல், நினெவேயில் 55. அந்த ஒரு மாகாணத்தில்தான் தப்பித்தது.

ஒருவேளை நினெவேயும் விழுந்திருந்தால்? சபை கலையும், மறுபடி தேர்தல், மறுபடி வரைவு. எல்லாம் அதே இடைக்காலச் சட்டத்தின் கீழ், அதே ராணுவ வண்டிகளுக்கு நடுவில். படை இருக்கட்டுமா போகட்டுமா என்ற கேள்வி அந்த ஓட்டுச்சீட்டில் கிடையாது. அன்பார்க்காரனுக்கு முதல் கேள்வியே அதுதான்.

ஹைட்டியோடு ஒப்பிட்டால் இராக் எவ்வளவோ மேல், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடற்படை வீரர்கள் 1915இல் ஹைட்டியில் இறங்கினார்கள். அந்நியர் நிலம் வாங்க அனுமதிக்கும் அரசியல் சட்டத்தை அங்கிருந்த நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. 1917இல் அந்த நாடாளுமன்றத்தையே கலைத்தார்கள். 1918இல் வாக்கெடுப்பு. ஆதரவாக 98,000க்கும் மேல், எதிராக 800கூட இல்லை. அடிமைத்தனத்தை உடைத்து எழுந்த நாடு, அந்நியனுக்கு நிலம் இல்லை என்று அதுவரை சொல்லிவந்த நாடு, ஏதோ ஒருமனதாக மாறிவிட்டதாம்! நம்புகிறவர்கள் நம்பலாம்.

பிரான்ஸ் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1940 ஜூலையில், நாட்டின் பெரும்பகுதி ஜெர்மானியர் கையில் இருந்தபோது, விஷி நகரில் கூடிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 569க்கு 80 என்ற கணக்கில் அப்போதைய பிரதமர் மார்ஷல் பெத்தானுக்குப் புது அரசியல் சட்டம் எழுதும் அதிகாரத்தையே கொடுத்தார்கள். 1946 அரசியல் சட்டத்தில் ஒரு விதி சேர்ந்தது: அந்நியப் படை நாட்டின் ஒரு பகுதியில் இருந்தாலும் திருத்த வேலை எதுவும் நடக்கக் கூடாது.

"அப்போ ஜப்பான்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை ஆண்ட அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் ஆட்கள் 1946 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் எழுதிய வரைவுதான் அதற்கு அடிப்படை, மக்கள் வாக்கெடுப்பே கிடையாது, 1947இல் அமலுக்கு வந்தது, இன்றுவரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் 1952இல் ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு திருத்த வேண்டும் என்ற கட்சிதான் அங்கே பெரும்பாலான காலம் ஆண்டது. மக்கள் அதற்கு வேண்டிய ஆதரவைத் தரவில்லை. வாக்கெடுப்பில் கிடைக்காத சம்மதம் பிற்பாடு வருஷக்கணக்காகச் சேர்ந்தது.

இராக்கிலும் 2005க்குப் பிறகு ஒரு திருத்தம்கூட நடக்கவில்லை. கடைசி நிமிடத்தில் சுன்னிகளை ஓட்டுக்கு வரவைக்கக் கொடுத்த வாக்குறுதியே திருத்தம்தான். அதற்காக 142ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் அந்தப் பிரிவின்படி கொண்டுவரும் திருத்தத்துக்கும் வாக்கெடுப்பு வேண்டும், மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்தால் அதுவும் விழும். அன்றைக்குக் குர்துகளிடம் இருந்தது சரியாக மூன்று மாகாணங்கள்.