ஏடு எங்கிருந்து வந்தது?

நேயர்களுக்கு வணக்கம். பழைய புத்தகம் கைக்கு வந்தால் நான் முதலில் அட்டையின் உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். யார் பெயர் இருக்கிறது, எந்த ஊர், யார் யாருக்குக் கொடுத்தது? யூதர்களின் பழைய மொழியான எபிரேயத்தில் எழுதிய சுவடிகளிலும் என்னை இழுப்பது இந்தக் கேள்விதான்.

1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கிழக்கே பயணம் போனபோது சில பழைய ஏடுகளை விலைக்கு வாங்கிக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றை அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்ட, அவர் அடையாளம் கண்டுவிட்டார்: பென் சிரா என்ற பழங்கால யூத அறிஞரின் ஞானநூல், எபிரேய மூலத்திலேயே! பல நூற்றாண்டுகளாக அது பெரும்பாலும் கிரேக்கம், சிரியாக் மொழிபெயர்ப்புகளில்தான் தெரிந்திருந்தது. அப்புறம் பாருங்கள், அதே சுவடியின் ஒன்பது ஏடுகள் ஆக்ஸ்ஃபோர்டில் கிடைத்தன. ஒரே புத்தகம், இரண்டு ஊர்!

இந்த ஏடுகள் எங்கிருந்து வந்தன என்று தேடி ஷெக்டர் எகிப்தின் கெய்ரோ சென்று, பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடத்தின் கெனிசாவிலிருந்து ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கொண்டுவந்தார். கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்று பழைய ஏடுகளைப் போட்டுவைத்த அறை அது. அவருக்கு முன்பே வியாபாரிகள் வழியாகப் பல ஏடுகள் விற்றுப் போயிருந்தன. அதனால் ஒரு சுவடியின் பகுதிகள் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் நியூயார்க்கிலும்கூட இருக்கலாம்.

இங்கேதான் கணினி கைகொடுக்கிறது. பல ஊர்களில் சிதறிய கெனிசா ஏடுகளை ஃபிரீட்பெர்க் என்ற திட்டம் படமெடுத்தது. டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய நிரல், எழுத்தின் வடிவம், வரி இடைவெளி, ஓரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 'இந்த இரண்டும் ஒரே சுவடியாக இருக்கலாம்' என்று சொல்கிறது. இருக்கலாம், அவ்வளவுதான். முடிவு செய்வது சுவடியறிஞரின் கண். மறுபடியும் சொல்கிறேன், கணினி ஜோடியைக் காட்டும், உறுதிசெய்வது மனிதர்தான். ஆனாலும் லட்சக்கணக்கான துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு மனிதருக்கு ஆயுள் போதாதே!

நேரம் நெருங்குகிறது. கடைசியாக, ஏட்டின் ஊரைச் சொல்லும் இன்னொரு தடயம்: முன்பு இத்தாலியில் நூல்களைச் சோதித்த திருச்சபைத் தணிக்கையாளர்கள் எபிரேய நூல்களின் கடைசிப் பக்கங்களில் பெயரும் ஆண்டும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'ஃபுட்பிரின்ட்ஸ்' தரவுத்தளம், அச்சு நூல்களில் உள்ள இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து, ஒரு பிரதி எந்த ஊரில் எந்தக் காலத்தில் இருந்தது என்று காட்டுகிறது. ஆகவே, பழைய நூலைப் படமெடுக்கும் நண்பர்களே, வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் விடாமல் எடுங்கள். வணக்கம்.