செகண்ட்ஸில் வாங்கிய எக்கோஸ்போர்ட்: லோயர் ஆர்ம் ரீகால் உங்களுக்கும் பொருந்துமா?

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று தனியாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வண்டியின் பெயர்தான் மாறுகிறதே தவிர இதே கேள்வியைத்தான் நிறைய பேர் கேட்கிறீர்கள். திருவண்ணாமலையிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2017 மாடல் செகண்ட்ஸில் எடுத்திருக்கேன், நான் மூணாவது ஓனர். முன்பக்க லோயர் ஆர்ம் வெல்டிங்ல பிரச்சினைன்னு கம்பெனி அந்த வண்டிகளை ரீகால் பண்ணினதா ஒருத்தர் சொன்னார். எனக்கு லெட்டர் எதுவும் வரலை. வண்டி நல்லாத்தான் ஓடுது, ஒரு சத்தமும் இல்லை. கம்பெனியும் இங்க வண்டி செய்யறதை நிறுத்திட்டாங்க. இனி யார்கிட்ட போய்க் கேக்கறது? அப்படியே விட்டுடலாமா?"

விட்டுவிடாதீர்கள் தம்பி. இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவர் எழுதியதில் மூன்று விஷயம் இருக்கிறது, லெட்டர் வரவில்லை, வண்டி நல்லா ஓடுது, கம்பெனி போய்விட்டது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நம் வண்டிக்குப் பிரச்சினை இல்லை என்று முடிவு செய்யவே முடியாது.

முதலில் அந்த ரீகால் என்னவென்று பார்ப்போம். 2018-இல் ஃபோர்டு இந்தியா 4,379 எக்கோஸ்போர்ட் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2017 மே, ஜூன் மாதங்களில் சென்னை ஆலையில், அதாவது மறைமலை நகரில் தயாரானவை. முன்பக்கச் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் கன்ட்ரோல் ஆர்மில் வெல்டிங் சரியான உறுதியோடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், அது விட்டுப்போனால் ஸ்டீயரிங் கட்டுப்பாடு பாதிக்கலாம் என்று கம்பெனியே சொன்னது. அதே சமயம் முன் சீட்டின் சாய்வு லாக்குக்காக 1,018 வண்டிகளையும் தனியாக அழைத்தார்கள். சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றித் தருவதுதான் வேலை. அதனால் அழைக்கப்பட்ட எல்லா வண்டியிலும் புது ஆர்ம் போட்டிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதுவும் சரிதான்.

இதற்கு முன்னாடியே பெரிதாக ஒன்று நடந்திருக்கிறது. 2013 செப்டம்பரில் அதே ஆலையில் செய்த ஃபிகோவும் கிளாசிக்கும் சேர்ந்து 1,66,021 வண்டிகளை அழைத்தார்கள். 2010 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை செய்த வண்டிகள். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ட்விஸ்ட் பீமும், பவர் ஸ்டீயரிங் எண்ணெய் போகும் ஹோஸும்தான் பிரச்சினை. அந்த ஃபிகோக்கள் இன்னும் நம்மூரில் ஓடிக்கொண்டிருக்கின்றன, கார் ஓட்டிப் பழகுவதற்கென்றே மலிவாகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மூன்று நான்கு கை மாறியிருக்கும். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் நின்றால், இனிமேல் நான் சொல்வதெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, லெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிடமோ டீலரிடமோ இருப்பது முதலில் வண்டி வாங்கியவரின் முகவரியும் போன் நம்பரும். அவர் வண்டியை விற்று, வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, நீங்கள் வெளியில் சர்வீஸ் செய்துகொண்டிருந்தால் உங்கள் பெயர் அவர்கள் கணக்கிலேயே இருக்காது. லெட்டர் 2018-இல் போயிருக்கும், முதல் ஓனர் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கலாம், அவர் போய் வேலையை முடித்திருக்கலாம், முடிக்காமலும் விட்டிருக்கலாம். ரீகால் என்பது ஓனர் பெயரோடு ஒட்டியிருப்பது இல்லை, சேஸிஸ் நம்பரோடு ஒட்டியிருப்பது. அந்த நம்பரைக் கொடுத்தால்தான் இந்த வண்டி பட்டியலில் இருந்ததா, இருந்தால் வேலை முடிந்ததா என்று தெரியும். வண்டி எத்தனை கை மாறினாலும் நம்பர் மாறாது.

அந்த நம்பர் பதினேழு எழுத்தும் எண்ணும் சேர்ந்தது, ஆர்.சி.யில் இருக்கும், வண்டியிலும் இருக்கும். இந்தியாவில் செய்த ஃபோர்டு என்றால் எம்-ஏ-ஜே என்று ஆரம்பிக்கும். இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், செகண்ட்ஸ் வண்டிக்கு அது எப்படியும் பார்க்க வேண்டியதுதான். இன்னொன்று, இதில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். ஆர்.சி.யில் பதிவு செய்த தேதி வேறு, வண்டி தயாரான மாதம் வேறு. உங்கள் வண்டி 2017 ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பதிவாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு மே, ஜூன் இல்லையே, நம்ம வண்டி தப்பித்தது என்று விட்டுவிடுவார்கள். ஆலையிலிருந்து வந்து டீலர் யார்டில் நின்று விற்பனையாக மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் தயாரிப்பு மாதம் என்று தனியாக அச்சிட்டிருக்கிறதே, அதைப் பாருங்கள். அதுவும் ஒரு முதல் கணிப்புதான், கடைசி பதில் சேஸிஸ் நம்பரில்தான் இருக்கிறது.

அப்புறம், "நல்லாத்தான் ஓடுது". இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எக்கோஸ்போர்ட்டின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட் ஒன்று நிற்கும். கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது இந்த லோயர் ஆர்ம். ஒரு முனை புஷ் என்கிற ரப்பர் உருளை வைத்து வண்டியின் அடிப்பகுதியில் போல்ட் போட்டிருக்கும், மறுமுனையில் பால் ஜாயின்ட், அதாவது எந்தப் பக்கமும் அசையும் குமிழ் மூட்டு, அதன் வழியாகச் சக்கரம் இருக்கும். பிரேக் அடித்தால் சக்கரம் பின்னால் போகப் பார்க்கும், வளைவில் திரும்பினால் உள்ளே வெளியே தள்ளும், அவ்வளவு இழுப்பையும் அந்த ஆர்ம்தான் வாங்குகிறது. அது விட்டுப்போனால் சக்கரத்தின் அடிப்பாகத்துக்குப் பிடி இல்லை. டயர் கோணலாக மடங்கி வீல் ஆர்ச்சில் போய் இடிக்கும், நீங்கள் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சக்கரம் கேட்காது. ஊருக்குள் இருபதில் போகும்போது நடந்தால் வண்டி அப்படியே உட்காரும். செங்கம் ரோட்டிலோ திண்டிவனம் பைபாஸிலோ எண்பதில் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புஷ் தேய்ந்தால் சத்தம் வரும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது டொக் டொக் என்று கேட்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும், வண்டி இழுக்கும். அதெல்லாம் மெதுவாக வரும் கோளாறு, நமக்குத் தெரியவரும். வெல்டிங் பலவீனம் அப்படி இல்லை. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசி வளைப்பு வரை முழுசாகத்தான் தெரியும், பிறகு சட்டென்று கையோடு வரும், அதே மாதிரிதான். ஒவ்வொரு பள்ளத்திலும் விரிசல் துளித்துளியாக வளரும், மீதி இரும்பு தாங்குகிற வரை ஸ்டீயரிங்கில் உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் போகலாம். அதனால் சத்தம் இல்லை என்பது நல்ல செய்தி இல்லை, கெட்ட செய்தியும் இல்லை, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதே கம்பெனி 2021-இல் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளை அழைத்தபோது, உலகம் முழுக்கச் சுமார் 7.75 லட்சம் வண்டி, பின்பக்கத்தில் ஒரு பால் ஜாயின்ட் இறுகிப்போய், பின் சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கும் டோ லிங்க் என்ற கம்பி உடையலாம் என்று சொன்னார்கள். க்ளங்க் என்று சத்தம், வண்டி வழக்கமில்லாமல் ஓடுவது, பின் சக்கரம் கோணலாக நிற்பது, இதெல்லாம் அறிகுறி என்று சொல்லி, ஆறு பேர் காயமடைந்ததாகத் தகவல் இருப்பதையும் அறிவித்தார்கள். அங்கே ரீகால் அறிவித்த கம்பெனி எத்தனை வண்டி சரிசெய்தோம் என்று காலாண்டுக்கு ஒருமுறை அரசாங்கத்திடம் கணக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு இங்கே மனசு வேதனைப்படுவது இதில்தான். நம்மூரில் ரீகால் அறிவிப்பு வரும் நாளில் எல்லாச் சேனலிலும் எண்ணிக்கை வரும். அதில் எத்தனை வண்டி வந்து சரியாகிப் போனது என்பதுதான் ரோட்டில் போகிற எல்லோருக்கும் முக்கியமான எண்ணிக்கை. அதை ஒவ்வொரு ரீகாலுக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிட வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, கம்பெனி போய்விட்டதே என்ற கேள்வி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. ஆனால் சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும் என்று அப்போதே சொன்னார்கள், சர்வீஸ் சென்டர்கள் குறைந்திருக்கின்றனவே தவிர இல்லாமல் போகவில்லை. உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்து, முதலில் போன் செய்யுங்கள். சேஸிஸ் நம்பரைச் சொல்லி, "இந்த வண்டிக்கு முடிக்காத ரீகால் ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். லோயர் ஆர்மைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், மொத்தமாகக் கேளுங்கள், வேறு ஏதாவது நிலுவையில் இருந்தாலும் தெரிந்துவிடும். ஏற்கெனவே முடித்தாச்சு என்றால் எந்தத் தேதியில், எந்தச் சென்டரில், பார்த்து அனுப்பினார்களா மாற்றினார்களா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் இலவசமாகச் செய்து தருவார்களா என்று கேளுங்கள், வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலிலும் கேட்டு பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2018-இல் இதெல்லாம் கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்ததுதான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அரசாங்கமே ரீகால் செய்யச் சொல்லி உத்தரவிடலாம், அப்படிக் கட்டாயப்படுத்தும் நிலை வந்தால் வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கம்பெனி தானே குறையைக் கண்டுபிடித்துச் சொல்லி ரீகாலைத் தொடங்கினால் அந்த அபராதம் இல்லை, இது நல்ல ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன், மறைப்பதைவிடச் சொல்வது லாபம் என்று ஆகிறது. ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்த விதி. உங்கள் வண்டி அதைத் தாண்டிவிட்டது. நீங்கள் கேட்கப்போவது புது ரீகால் இல்லை, 2018-இல் அவர்களே அறிவித்த வேலை இந்த வண்டியில் முடிந்ததா என்று, அதனால் தயங்காமல் கேளுங்கள்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் ஒன்று கவனியுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா எஸ்1 மின்சார ஸ்கூட்டர்களில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்த படங்கள் நிறைய வந்த பிறகு, 2023 மார்ச்சில் கம்பெனி ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது, பாகம் நன்றாகச் சோதிக்கப்பட்டதுதான் என்றும் சொன்னது. அந்தக் காலத்து வண்டியைச் செகண்ட்ஸில் எடுப்பவர்கள் ஃபோர்க் மாற்றியாச்சா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி எக்கோஸ்போர்ட் தம்பிக்கு மறுபடி. சர்வீஸ் சென்டர் தேதி கிடைக்கிற வரை பக்கத்துப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றி, இரண்டு ஆர்மையும் தண்ணீர் அடித்துக் கழுவி, வெல்டிங் ஓடும் கோட்டை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேறு ஒட்டியிருந்தால் விரிசல் தெரியாது. கோடு மாதிரி துரு கசிந்திருந்தால் அங்கே சந்தேகப்படுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகச் சென்டருக்குப் போவதை நிறுத்தாதீர்கள். விரிசல் தெரிந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். அப்போது யாராவது, "இதுக்கு எதுக்கு புது ஆர்ம், ஒரு வெல்டிங் வச்சுத் தரேன்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், ஆனால் ஒத்துக்கொள்ளவே கூடாது. சூடு ஏறிய இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் குணம் மாறிவிடும், வெல்டிங் பிடித்திருந்தாலும் அதன் ஓரத்தில் விரிசல் விடும். கம்பெனி இலவசமாகத் தர மறுத்தாலும் சரி, கையிலிருந்து சில ஆயிரம் செலவானாலும் சரி, புது ஆர்ம்தான்.

மாற்றும்போது இன்னொன்றும் பாருங்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடக் கூடாது. சக்கரத்தில் வண்டியின் பாரம் உட்கார்ந்திருக்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு, இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்து, அந்த ரிப்போர்ட்டையும் பில்லையும் ஆர்.சி.யோடு வையுங்கள். நாளைக்கு உங்களிடம் வாங்கப்போகிற நாலாவது ஓனருக்கு அதைக் கொடுங்கள்.