நூலைப் போல சேலையா?
(குடியாத்தத்தில் நெசவாளர் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேலூரிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, நாற்காலியும் மைக்கும் தந்த சங்கச் செயலாளர் அவர்களே, பெயரை விட்டால் கோபித்துக்கொள்ளும் என் பழைய மாணவர்களே, வணக்கம்.

லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றி மூன்று விஷயம்: பரம்பரை, கிருமி, சிகிச்சை.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. கைலி நெய்யும் ஊரில் இதற்கு உரை வேண்டாம். உடம்பின் செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் நூல்கள்தான் குரோமோசோம்கள்; அவற்றில் ஆறாவதில் எச்.எல்.ஏ. மரபணுக்கள் இருக்கின்றன. நம்ம ஆள் யார், அந்நியன் யார் என்று உடம்புக்குக் காட்டிக்கொடுப்பவை. ஆளுக்கு ஆள் மாறும் இவற்றில் சில வகைகள் லிம்போமா வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு ஹாட்ஜ்கின் வகை வந்திருந்தால், மற்றவருக்கு ஆபத்து சுமார் 3 மடங்கு. பயப்படாதீர்கள், நோயே அரிது. காலணாவை மூன்றால் பெருக்கினாலும் முக்காலணாதான்.

தறியில் விழும் முடிச்சும் உண்டு. ஃபாலிகுலர் லிம்போமா என்கிற இன்னொரு வகையில் பெரும்பாலும் 14, 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அது பெற்றவர்கள் கொடுத்த நூலில் இல்லை, பிறகு விழுந்த முடிச்சு.

என் பெரியப்பா மகன் தறிக்காரர். கழுத்தில் புளியங்கொட்டை அளவு நெறி கட்டியது. வலியே இல்லை. அண்ணி மஞ்சள் பற்றுப் போட்டார். ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு டி.பி. என்றார், சோதனை கிடையாது, ஆறு மாதம் மாத்திரை. ஒன்று மூன்றானது. ராத்திரி வியர்வையில் பனியனைப் பிழியலாம். கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தறிக்குழியில் உட்காருவார். அப்புறம் வேலூரில் ஒரு கட்டியை முழுசாக எடுத்துப் பார்த்தார்கள்: ஹாட்ஜ்கின். இதற்குள் மகளுக்குப் பேசிய சம்பந்தி வீட்டார், ‘நூலைப் போல சேலை’ என்று சொல்லித் தாம்பூலத்தைத் திருப்பிவிட்டார்கள். எனக்குப் பிடித்த பழமொழி, அன்றைக்குக் கசந்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அண்ணன் அதோ, மூன்றாவது வரிசையில் யாரிடமோ நூல் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

நெறிகட்டிக்கு நம் பக்கம் டி.பி.யும் பெரிய காரணம்தான். ஆனால் சோதிக்காமல் மருந்து கூடாது. மூன்று வாரத்தில் வற்றாத கட்டியைக் காட்டுங்கள், ‘பயாப்சி எடுக்கணுமா, கட்டியை எடுத்துச் சோதிக்கணுமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்த இரண்டு வரியைக் கூலிச் சீட்டின் பின்பக்கம் அச்சடிக்கச் சொல்லி மூன்று வருஷமாகச் சங்கத்தைக் கேட்கிறேன். மை தீர்ந்துவிடுமா? தலைவர் அம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டுகிறார். சரி, கிருமியும் சிகிச்சையும் டாக்டர் ஐயா பாடு.