சாதாரணத்துக்கு எத்தனை சொல்

(ஒக்டோபர் வாசிப்பு மாதத்தையொட்டி, கிளிநொச்சியில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடியிருந்த இடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். நேரே விசயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் கட்டுரைகளை வாசிக்கும்போது ஒரு சொல் என்னைத் திரும்பத் திரும்ப மறிக்கிறது. "அது ஒரு சாதாரண கிராமம்", "அவர் ஒரு சாதாரண விவசாயி", "சாதாரணமான வீடு". அந்தச் சொல் வந்ததும் அந்தப் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. கிராமமும் தெரியவில்லை, விவசாயியும் தெரியவில்லை.

ஆனால் வாயால் கதைக்கும்போது நாங்கள் இப்படி இல்லையே. வயலால் வருகிற ஒருவரை மறித்து "என்னண்ணை, இந்தமுறை விளைச்சல் எப்பிடி?" என்று கேளுங்கள். "பரவாயில்லை" என்றால் கடன் அடைபடும், கையில் கொஞ்சம் மிஞ்சும் என்று அர்த்தம். "சுமார்தான்" என்றால் எதிர்பார்த்தது வரவில்லை. "மட்டுமட்டு" என்றால் போட்ட காசு வந்தது, அதற்கு மேலே ஒரு மூடைகூட இல்லை. "வழமைபோலதான்" என்றால் சொல்லும்படி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. "ஏதோ போகுது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தால், தம்பி, இதுக்கு மேலே கேட்காதை என்று அர்த்தம். ஐந்துமே நடுத்தரத்தைச் சொல்கிற சொற்கள்தான், ஆனால் ஐந்தும் ஐந்து இடத்தில் நிற்கின்றன, சொல்பவரின் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதோடு அதுவும் மாறும். இவ்வளவு நுட்பம் நாக்கில் இருக்கிற எங்களுக்கு, பேனையைப் பிடித்தவுடன் ஏன் ஒரே ஒரு சொல்தான் வருகிறது?

பரவா, சுமார், சராசரி எல்லாம் பாரசீக வழியாக வந்த சொற்கள், சாதாரணம் வடமொழி. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை, வந்து எத்தனையோ தலைமுறையாய் எங்களோடு புழங்குகிற சொற்கள் அவை. சாதாரணம் என்றால் மூலத்தில் எல்லோருக்கும் பொதுவானது என்றுதான் பொருள். ஆனால் எங்கள் பிள்ளைகளின் காதில் அது எப்படி விழுகிறது? சோதனைக்கே சாதாரண தரம் என்று பெயர், அதிலே 'சீ' எடுத்தால் திறமைச் சித்தி, 'எஸ்' எடுத்தால் சாதாரண சித்தி. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது ஏச்சாகத்தான் கேட்கும். வீட்டிலே நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்கிற தொனியையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சராசரி வேறு விதமான சொல். அது கணக்குக்கு உரியது, கணக்கிலே இருக்கும் மட்டும் நல்லது. 2017இல் வடக்கு வரட்சியில் கிடந்தது. 2018 டிசம்பரில் இரணைமடுக்குளம் நிரம்பி வழிந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள். அடுத்தடுத்த இரண்டு வருட மழையையும் கூட்டி இரண்டால் பிரித்தால் கிடைக்கிற அந்தச் சராசரி மழை எவருடைய வயலிலும் பெய்யவில்லை. அதனால் மனிதரைப் பற்றி எழுதும்போது "சராசரி வன்னி மனிதன்" என்று எழுதாதீர்கள். அப்படி ஒருவர் இந்த மண்ணில் இல்லை.

அடுத்தது இயல்பு. 2009இல் போர் முடிந்த பிறகு "இயல்பு வாழ்க்கை திரும்புகிறது" என்று எத்தனை தடவை வாசித்திருப்போம்! யாருடைய இயல்பு என்று அங்கே எவரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் படித்த பிள்ளைக்கு ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் திரியும் போட்டு எரித்த விளக்குத்தான் இயல்பு. இன்று அதை இங்கே மேசையில் வைத்தால் உங்களில் பாதிப்பேருக்கு அது என்னவென்றே தெரியாது. அதை எரித்தவர்களோ, "அதிலே எழுத என்ன இருக்கு, எல்லார் வீட்டிலயும் இருந்ததுதானே" என்று சொல்லி எழுதாமல் விட்டார்கள். எல்லோர் வீட்டிலும் இருந்தது என்பதாலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். வன்னியைப் பற்றி எழுதப்பட்டதில் போர் நிறைய இருக்கிறது, பொழுது குறைவு. இது எனக்கு உண்மையிலேயே கவலை.

தமிழ் அணியிலக்கணம் இந்த இடத்தில் எங்களுக்குத் துணை. தண்டியலங்காரம் பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது உவமையை அல்ல, தன்மையணியை. உள்ளதை உள்ளபடி விளங்கச் சொல்வதே ஓர் அணி, அதற்குப் பிறகுதான் உவமை, உருவகம் எல்லாம். கட்டுரைப் போட்டிகளில் உவமைக்குப் புள்ளி போடுகிற ஆசிரியர்கள் இதற்கும் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எப்படிச் செய்வது? "சாதாரண கிடுகு வேலி" என்று எழுதிய பிள்ளையைத் திட்டாமல் வேலிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். கீழ்வரிசைக் கிடுகுதான் முதலில் கறையான் பிடித்து உதிர்கிறது என்பது தெரியும். மழைக்குப் பிறகு, வேலிக்கு நட்ட கிளுவங்கதியாலில் எந்தக் கணுவில் தளிர் வந்திருக்கிறது என்று தெரியும். அப்புறம் அந்தப் பொட்டு, வேலியில் ஆள் நுழைந்து வர விட்ட இடைவெளி. அது எவ்வளவு உயரம், யார் குனிந்து வருகிறார்கள், அடுத்த வீட்டு அம்மா உப்புக் கேட்டு வரும்போது எந்தக் கையால் கிடுகை விலத்துகிறா, இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்த அன்று அந்தப் பொட்டை யார் அடைத்தார்கள், பிறகு யார் திறந்தார்கள். இவ்வளவையும் எழுதினால் கிராமம் தானாக வந்துவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை, ஒரு பக்கத்தில், சாதாரணம் என்ற சொல்லே இல்லாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். ஆசிரியர்களும்தான்.