நர்ஸ் இருந்தும் காலியான தீவு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அனைவரே, வணக்கம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிற தலைவருக்கு என் தனி நன்றி. மலை ஊர்களுக்கு நர்ஸும் வண்டியும் கேட்கும் இந்தக் கூட்டம் நடக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் நூலகர் அம்மாதான், அவருக்கும் நன்றி.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலுக்குள் தள்ளிக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவுகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன்: அங்கே வாழ்ந்தவர்களின் சாப்பாடு, அவர்கள் நடத்திய பாராளுமன்றம், பிரசவம்.

எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: நித்திய கண்டம், பூரண ஆயுசு. செயின்ட் கில்டாவில் மக்கள் வாழ்ந்த ஹிர்ட்டா தீவுக்காரர்களுக்கென்றே சொன்னதுபோல இருக்கும். சாப்பாட்டுக்காக ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டி, வெறுங்காலோடு செங்குத்துப் பாறையில் இறங்கிக் கடற்பறவைகளைப் பிடித்தார்கள். அவற்றைக் கிளீட் என்னும் கல் குடிலில் வைத்தார்கள். சாந்து பூசாத சுவர், மேலே புல்மண் கூரை. கல் இடுக்கு வழியே காற்று புகுந்து இறைச்சியை உலர்த்தும். இப்படி ஆயிரத்துக்கும் மேல் கட்டி வைத்திருந்தார்கள். காலையில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலையை முடிவு செய்வதைத்தான் பாராளுமன்றம் என்றார்கள்.

இப்போது ஒரு கதை, நடந்த கதை. 1727ஆம் ஆண்டு. மூன்று ஆண்களையும் எட்டுப் பையன்களையும் ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறையில் இறக்கிவிட்டுப் படகு திரும்பியது. கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கும் பாறை அது. சில நாளில் படகு வரும், பறவைகளோடு வீடு திரும்பலாம் என்றுதான் போனார்கள். படகு வரவில்லை. பத்து நாள், ஒரு மாதம், குளிர்காலம் முழுவதும்! தாய்மாரைப் பிரிந்த எட்டுப் பையன்கள் அந்தப் பாறையில் எப்படி இருந்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். பறவையும் மீனும் தின்று உயிர் பிடித்தார்கள். 1728 மே மாதம்தான் ஒரு படகு வந்து மீட்டது. ஊருக்கு வந்தால், பெரியம்மை வந்து ஊரில் பெரும்பாலானோர் இறந்துபோயிருந்தார்கள். படகு ஓட்ட ஆள் இல்லாததால்தான் யாரும் வரவில்லை. பாறையில் இருந்த பதினொரு பேரும் பிழைத்தார்கள். நித்திய கண்டம், பூரண ஆயுசு! வீட்டில் பத்திரமாக இருந்தவர்களுக்கு அந்த ஆயுசு இல்லை.

சரி, பிரசவத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பங்கு, பிறந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரணஜன்னியில், அதாவது டெட்டனஸில், இறந்தது. ‘எட்டாம் நாள் நோய்’ என்றே பெயர். 1890களில் ஆங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார், கிளாஸ்கோவில் கிருமி நீக்கிப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்று வந்தார். நோய் ஒழிந்தது. கைசுத்தமும் ஒருவருடைய அக்கறையும் போதுமாக இருந்தது.

ஆனால் 1930 குளிர்காலத்தில் ஒரு கர்ப்பிணிக்கு வயிற்றுவலி. தீவில் நர்ஸ் இருந்தார், கப்பல்தான் இல்லை. கிளாஸ்கோ ஆஸ்பத்திரி சேர வாரக்கணக்கில் ஆனது. அவர் ஊர் திரும்பவில்லை. அந்த மே மாதம், எங்களை இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள் என்று அரசுக்கு மனு எழுதினார்கள். ஆகஸ்ட் 29 அன்று, வீட்டுக்கு வீடு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டு, 36 பேரும் ஹேர்பெல் கப்பலில் ஏறினார்கள்.

அதனால்தான் எங்கள் இயக்கம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. மலை ஊரில் நர்ஸ் இரவிலும் தங்க வேண்டும். டோலி கட்டித் தூக்காமல் அடிவாரம் வரை இறங்க வண்டியும் வேண்டும். ஹிர்ட்டா மனுவில் இருந்த கையெழுத்து 20. நம் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் அங்கேயே இருக்கிறது. போகும்போது பெயரோடு ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள்.