350 இன்ஜினுக்கு என்ன கேம் போடலாம்? முதலில் பின் ஆக்சிலைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்டாண்டில் நிற்கிறதே, இது செவ்ரோலே 350 ஸ்மால் பிளாக், 350 கன இன்ச் வி8 இன்ஜின். 1972 செவெல் காரில் இருந்து இறக்கியது. பிளாக்கின் பின்பக்கம் 3970010 என்று வார்ப்பிலேயே எண் இருக்கிறது, பாருங்கள். மெஷின் ஷாப்புக்கு அனுப்பும் முன் என்னென்ன பாகம் வாங்கப் போகிறேன், ஏன் என்று இன்று பேசலாம்.

இன்ஜின் கட்டுவதாகச் சொன்னாலே எல்லோரும் கேட்பது, "என்ன கேம் போடப் போறீங்க?" கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பின் ஆக்சில் ரேஷியோ என்ன? இந்தக் காரில் 3.08, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 3.08 சுற்று சுற்ற வேண்டும். டயர் உயரம் 26.5 இன்ச். கியர்பாக்ஸ் டர்போ 350, மூன்றாவது கியர் நேர் கியர் (1:1). அப்படியென்றால் நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 2,550 ஆர்பிஎம்மில் சுற்றும். ஊருக்குள் இன்னும் குறைவு. இந்த இன்ஜின் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை 1,500-க்கும் 3,500-க்கும் நடுவில்தான் கழிக்கப் போகிறது. 6,500 ஆர்பிஎம்மில் பவர் தரும் பாகங்களுக்குக் காசு கொடுத்தால் அந்தப் பவர் சாலையில் உங்கள் கைக்கு வரவே வராது.

டெட்ராய்ட் பக்கம் ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் நடக்கும், 1995-இல் தொடங்கியது. வெயிலில் ஆயிரக்கணக்கான பழைய கார்கள் ஊர்ந்து போகும். என் கணக்கில் தெரு இன்ஜினுக்கு அதுதான் பரீட்சை. பெரிய கேம் போட்டால் ஐடிலில், அதாவது கார் நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, வேக்குவம் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்) விழுந்துவிடும். பவர் பிரேக்குக்கு உதவுவது அந்த வேக்குவம்தான். பிரேக்கை மிதித்தால் கல் மாதிரி இருக்கும். அதனால் கேம், 50 தௌ (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) லிஃப்டில் அளந்தால் வால்வ் திறந்திருக்கும் காலம் இன்டேக் 218, எக்ஸாஸ்ட் 224 டிகிரி, லோப் (கேமின் புடைப்பு) இடைவெளி 112. ஐடிலில் லேசான ஆட்டம் இருக்கும், பிரேக் பிடிக்கும், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் பழைய டார்க் கன்வர்ட்டரையும் மாற்றத் தேவையில்லை.

அப்புறம், ஃப்ளாட் டாப்பெட்டா, ரோலரா? கேமின் லோப் தள்ளும் லிஃப்டரின் அடி தட்டையாக இருந்தால் ஃப்ளாட் டாப்பெட், உருளை இருந்தால் ரோலர். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 350-க்குக் கம்பெனியில் இருந்து ரோலர் வந்தது 1987-இல்தான். இந்த பிளாக்கில் அதன் லிஃப்டர்களைப் பிடித்து வைக்கும் அமைப்பு கிடையாது. ஆகவே ஜோடி ஜோடியாக இணைப்புப் பட்டை வைத்த, பழைய பிளாக்குக்கென்று செய்த ரெட்ரோஃபிட் லிஃப்டர் வாங்க வேண்டும், விலை பல மடங்கு. ஆனால் ஃப்ளாட் டாப்பெட் லோபும் லிஃப்டரும் உரசியே வேலை செய்பவை. அவற்றைக் காப்பாற்றிய துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தை, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்பதற்காக இன்றைய கார் ஆயில்களில் குறைத்துவிட்டார்கள். ஒரு லோப் தேய்ந்தால் அந்த இரும்புத் தூள் ஆயிலோடு எல்லா பேரிங்கையும் சுற்றி வரும். ஆகவே ரோலர்தான். இந்த இன்ஜினில் நான் மனதாரக் கூடுதலாகச் செலவழிக்கும் இடம் இதுதான். ரோலர் வாங்குவோர் இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். ஃப்ளாட் டாப்பெட் லோபின் சரிவு கேமைப் பின்பக்கம் தள்ளியே வைத்திருக்கும், ரோலரில் அந்தச் சரிவு இல்லை. எனவே கேம் முன்னால் நகராமல் இருக்க முன்பக்கம் ஒரு பட்டன் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் கேமின் உலோகத்துக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். கேம் கம்பெனியிடம் கேட்டே வாங்குங்கள்.

சரி, ஹெட். கழற்றிய ஹெட்டின் சேம்பர் (கலவை எரியும் அறை) 76 சிசி. 1971-இல் செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜிஎம் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரெஷனை (கலவையை அழுத்தும் விகிதம்) இறக்கியது. 1972-இல் இந்த 350-க்கு 8.5 கம்ப்ரெஷன், 175 குதிரைசக்தி. 1970-இன் 300-ஓடு ஒப்பிட்டு வருந்த வேண்டாம். பாதிக் கதை அளக்கும் முறை கிராஸில் (துணைக் கருவிகள் இல்லாமல் அளப்பது) இருந்து நெட்டுக்கு (காரில் உள்ளபடி அளப்பது) மாறியதுதான். நான் எடுப்பது 1996 முதல் 2000 வரை பிக்கப்களில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட். சேம்பர் 64 சிசி, காற்று போகும் பாதை பழையதைவிட எவ்வளவோ மேல், ஈயமில்லாப் பெட்ரோலுக்கென்றே செய்தது. வால்வ் சீட் பக்கம் விரிசல் விடும் பழக்கம் உண்டு, சோதிக்காமல் வாங்காதீர்கள். ஸ்டாக் ஸ்பிரிங்கோடு 470 தௌ லிஃப்டைத் தாண்டினால் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர் வால்வ் கைடில் முட்டும், அதனால் ஸ்பிரிங்கை மாற்றி, கைடைக் குறைக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டும் எட்டு போல்ட் வைத்த வோர்டெக் வகையே பொருந்தும்.

பிளாக்கை 30 தௌ ரீபோர் செய்தால், அதாவது சிலிண்டரை அகலமாக்கினால், 355 கன இன்ச். பிஸ்டன் முதலில் நினைத்தது தட்டைத் தலை, வால்வ் பள்ளம் 5 சிசி. சிலிக்கான் கூடிய அலுமினிய வார்ப்பான ஹைப்பர்யூடெக்டிக் போதும். கூடுதல் பவருக்கு நைட்ரஸ் வாயு ஏற்றப் போவதில்லை என்றால் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்ட் வேண்டாம். ஆனால் பெட்டியில் கம்ப்ரெஷன் உயரம் (பின்னின் நடுவில் இருந்து பிஸ்டன் தலை வரை) 1.560 இன்ச் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான ரீபில்ட் பிஸ்டன்களில் 1.540 வரும். அந்த 20 தௌவால் பிஸ்டன் மேலே வந்தும் ஹெட்டோடு நெருங்காது. பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் 40 தௌ அளவில் இடைவெளி இருந்தால்தான் கலவை நன்றாகக் கலங்கி எரியும், நாக்கிங்கும் அடங்கும். பிஸ்டன் பிளாக்கின் மேல் தளமான டெக்குக்கு 25 தௌ கீழே, கேஸ்கெட் 41 தௌ என்று வைத்தால் கம்ப்ரெஷன் 9.75 வருகிறது. ஆனால் இடைவெளி 66 தௌ ஆகிவிடுகிறது. டெக்கைப் பிஸ்டனோடு சமமாகும் வரை சீவினால் இடைவெளி 41, கம்ப்ரெஷன் 10.3. இரும்பு ஹெட்டுக்கு அது அதிகம். ஆகவே டெக்கைச் சீவி, 12 சிசி அளவு குழிந்த பிஸ்டன் வாங்குகிறேன். இடைவெளியும் கிடைக்கும், கம்ப்ரெஷனும் 9.5-க்குப் பக்கத்தில் நிற்கும், பிரீமியம் பெட்ரோலில் நிம்மதியாக ஓடும். மெஷின் ஷாப்பில் டெக் உயரத்தை நான்கு மூலையிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆயில் பம்ப் ஸ்டாண்டர்டு. கார்புரேட்டருக்கு ஒரு கணக்கு: கன இன்ச்சை ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுக்க வேண்டும். 355, 5,500 என்றால் 565 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), அதுவும் சிலிண்டர் முழுதாக நிரம்பினால். 600 போதும், கீழே டூயல் பிளேன் மேனிஃபோல்ட். கையில் ஜிஎம் கார்களில் வந்த நல்ல குவாட்ராஜெட் கார்புரேட்டர் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பேரில் 750 என்றாலும் முன் துளைகள் சிறியவை, மெதுவாக ஓட்டும்போது அவ்வளவு இனிமையாக இழுக்கும்.

உங்கள் காரின் எடை, ஆக்சில் ரேஷியோ, டயர் உயரம், கியர்பாக்ஸ், இந்த நான்கையும் கமென்டில் எழுதுங்கள். கேம் அளவைச் சேர்ந்து பார்க்கலாம். பிளாக் மெஷின் ஷாப்பில் இருந்து வந்ததும் பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளியை (ரிங் கேப்) அளப்பதைக் காட்டுகிறேன்.